வசவு மருந்தாகுமா?

"அடியாத மாடு படியாது" என்பார்கள். "அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்" என்றும் சொல்வார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இவ்விரண்டு பழமொழிகளும் நம் இல்லங்களில் மறைநூல் வாக்குகளைப் போல எடுத்தோதப்படுகின்றன. மாட்டுக்குப் பொருந்துமோ என்னவோ, நாம் அறியோம். ஒருவகைப் பிள்ளைகளுக்கும், அவ்வாறே இருந்து வளர்ந்துவிட்ட பெரியவர்களுக்கும் இவை பொருந்தமாட்டா. பெருந்தீங்கையும் விளைக்கின்றன என்று உறுதியாகச் சொல்கிறோம். இதைச் சொல்லும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் வெட்கத்துடன் கூறிவிடுகிறோம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், குருமாணவராய் இருந்த காலத்தில், புதுவையில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பொன்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். புத்தகம் கொண்டுவரமாட்டான், கொண்டுவந்தால் விட்டுச் செல்வான். கேள்வியை நாம் முடிக்குமுன் விடையைக் கத்துவான். விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெஞ்சில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அமரமாட்டான். சன்னலுக்கு வெளியே காகம் கரைந்தால் பாடம் முழுவதும் காகத்தோடு போய்விடும். அவனை நாம் முழங்காலில் நிறுத்தினோம். பிரம்பையும் எடுத்தோம். "உனக்கு இந்தப் பிறவியில் புத்தி வராது" என்று எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் சொன்னோம். அவன் எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு நின்றான் என்று பின்னர் கேள்விப்பட்டோம். "எதிர்பார்த்ததுதான்" என்று எண்ணிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு அவர் நம்மைத் தேடி வந்தார். இன்று நாற்பது வயதுக்காரர். இருசக்கர வாகனங்கள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஓடும் சத்தத்தைக் கேட்டே வண்டியின் கோளாற்றைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அவருடைய மகனுக்கும் பள்ளியில் அதே தொல்லை. அரசு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார். மருத்துவர் பிள்ளையைப் பற்றி எல்லாம் கேட்டறிந்தபின், தகப்பனைப் பார்த்து, "நீங்களும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தீர்களா?" என்று கேட்டாராம். "அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்திடுச்சு சாமி. நாப்பது வருஷமா எனக்குப் புத்தி இல்லேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் நம்மைக் குற்றம் சாட்ட வரவில்லை. "பையனைக் கோயில் வகுப்புக்கு அனுப்பறேன். டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க சாமி" என்று கேட்கவே வந்தார். நம்மால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

அந்தப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் உள்ளதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள், தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. அது மூன்று விதமாய்த் தென்படும்: கவனம் நிலைகொள்ளாமை; ஓரிடத்தில் அமைதியாய் இருக்க இயலாமை; எண்ணுமுன் சொல்லிவிடுதல், செய்துவிடுதல். எல்லாரிடமும் மூன்றும் இருப்பதில்லை. துள்ளாமல் துடிக்காமல் கடைசிப் பெஞ்சில் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்பிள்ளையிடமும் முதலாவது இருக்கக்கூடும். அவள் எவருக்கும் தொந்தரவு தராததால் எவர் கண்ணிலும் படுவதில்லை. அதற்காகத் துறுதுறுவென்றிருக்கும் பிள்ளைகளையெல்லாம் நோயாளிகளாக்கிவிடவும் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றியிருக்கவேண்டும்; ஆறு மாதங்களேனும் நீடித்திருக்கவேண்டும்; வீடு, பள்ளி, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்படவேண்டும்; அன்றாட வாழ்வைக் குலைக்கவேண்டும். இவற்றை ஆய்ந்து முடிவு சொல்லவேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரர் அல்லர், பங்குத்தந்தையும் அல்லர்.

இது அறிவுக் குறைவு அன்று. எதை முதலில் செய்வது, எதை மனத்தில் பிடித்துவைப்பது, எப்போது நிறுத்துவது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிடுவது – மூளை செய்யும் இந்த மேற்பார்வைப் பணிதான் தளர்ந்திருக்கிறது. "கைப்பேசியில் விளையாட மட்டும் மூன்று மணிநேரம் கவனம் வருகிறதே?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஊசுட்டேரி நிறைய நீர் இருந்தும் மதகு பழுதானால் வயல் காய்வதில்லையா? கவனம் இல்லாமலில்லை, வேண்டிய வயலுக்கு அதைத் திருப்பிவிடும் மதகுதான் பழுது. உடனுக்குடன் பலன் தரும் விளையாட்டு கவனத்தைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஆண்டிறுதியில் பலன் தரும் பாடத்துக்கு அந்த இழுப்பு இல்லை.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா? புதிதாய்க் கண்டுபிடித்த நாகரிக நோய்!" என்பார் பலர். 1798ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் கவனம் நிலைகொள்ளா நிலையை விவரித்து எழுதினார். 1902இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவு குன்றாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றிப் பேருரைகள் ஆற்றினார். 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்று அவர் பெயரிட்டார்; எனினும் அதற்கு உடல்சார்ந்த காரணம் உண்டு என்றே கருதினார். மருத்துவ உலகம் அந்தப் பெயரைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு கவனக்குறைவையே பெயரில் வைத்தது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு பெரியவர்களில் இதைக் கண்டறியத் தனி அளவையும் வகுத்தது. மருத்துவர்கள் விட்டுவிட்ட 'ஒழுக்கக்கேடு' என்ற பழிச்சொல்லை நாம் மட்டும் இன்னும் விடவில்லை.

நம் மண்ணில் இல்லை என்றும் சொல்லமுடியாது. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, 11.32 விழுக்காட்டினரிடம் இக்கோளாற்றைக் கண்டது. உலக அளவிலான கணிப்பின்படி பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காடு, பெரியவர்களில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு. குறைந்த கணக்கையே கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர். "எங்கள் காலத்தில்" அந்த இருவர் எங்கே போனார்கள்? "படிப்பு ஏறவில்லை" என்ற இரண்டு சொற்களோடு பட்டறைக்கும் படகுக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். அவர்கள் இல்லாமலில்லை, நம் வருகைப் பதிவேட்டில்தான் இல்லை.

இக்கோளாறு பெரும்பாலும் குருதிவழி வருவது. இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள், இதில் மரபுவழியின் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் என்று காட்டுகின்றன. ஆகவே 'வளர்ப்புச் சரியில்லை' என்று தாயைத் தூற்றும் மாமியார்களுக்கு ஒரு சொல்: அது உங்கள் மகன்வழியாகவும் வந்திருக்கலாம், அம்மா!

இனி, நமக்குரிய துறைக்கு வருவோம். சோம்பல் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று என்று நாமே கற்பித்திருக்கிறோம். மறந்துபோகிறவனையும், தொடங்கிய வேலையை முடிக்காதவனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் புனித தோமா அக்குவினார் அந்தப் பாவத்தை எவ்வாறு விளக்குகிறார்? இறைவனுக்குரிய நன்மையைக் கண்டு மனம் வருந்தி விலகும் கசப்பு என்கிறார். சாவியைத் தொலைத்தவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அறியாமை, கவனமின்மை, அச்சம், பழக்கம் முதலியனவும் பிற உளவியல் காரணங்களும் ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவும், நீக்கவும்கூடும் என்று 1735ஆம் பத்தியில் கற்பிக்கிறது. இதைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதிய நாமே பிரம்பை எடுத்தோம்!

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் இது ஒரு சாக்காகிவிடாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது, ஆகவும் விடக்கூடாது. காரணம் வேறு, விலக்கு வேறு. தனக்கு மறதி உண்டென்று அறியாதவன் மறந்தால் அவன்மேல் பழி குறைவு. அறிந்தபின்னும் அதற்குரிய ஏற்பாட்டைச் செய்யாது, "என் இயல்பே இதுதான்" என்று மனைவிமேல் சுமையேற்றுகிறவன் பழிக்குத் தப்பமாட்டான். நினைவிருத்துவது அவனால் இயலாமற்போகலாம். நினைவூட்டும் மணியொன்றைக் கட்டிவைக்க இயலும். அதுவே அவன் கடமை. அதைக் கட்ட உதவுவது குடும்பத்தின் கடமை.

மணி கட்டுவது செல்லம் கொடுப்பதாகாது. மனிதக் கவனம் எவ்வளவு நொய்மையானது என்பதைத் திருச்சபை தொடக்கமுதல் அறிந்தே வந்திருக்கிறது. நாளுக்கு மூன்றுமுறை மூவேளைச் செப மணி ஒலிக்கிறது. எண்ணிக்கை தவறாதிருக்கச் செபமாலை மணிகள் விரலில் உருள்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கில், செபவேளையை அறிவிக்கும் பொறுப்பு மடத்தின் தலைவர்க்கே உரியது. இரவுச் செபத்தின் தொடக்கச் சங்கீதத்தை இழுத்து மெதுவாகப் பாடச் சொல்கிறார் அவர், ஏன் தெரியுமா? தாமதமாக வருபவர் அதற்குள் வந்து சேரட்டும் என்பதற்காக! புனித இஞ்ஞாசியார், ஒரு குறையைத் திருத்த முயல்வோர் நாள்தோறும் தாளில் கோடிட்டு, தவறியபோதெல்லாம் புள்ளியிட்டுக் கணக்குப் பார்க்கச் சொன்னார். அவிலா நகர்ப் புனித தெரேசா, பதினெட்டு ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் தியானத்தைத் தொடங்கத் துணியவில்லை என்று தாமே எழுதியிருக்கிறார். புனிதர்களுக்குத் தேவைப்பட்ட ஊன்றுகோலை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மறுக்கும் நாம் யார்?

வீட்டில் செய்யத்தக்கவற்றைச் சொல்கிறோம். இவை மருத்துவர்கள் அறிவுறுத்துபவை. நம் பங்கின் குடும்பங்கள் செய்துபார்த்துப் பயன் கண்டவையும் ஆகும்.

சமையலறையிலிருந்து கூவிக் கட்டளையிடாதீர்கள். அருகே சென்று, தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒரு வேளையில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "பல் துலக்கி, குளித்து, சீருடை போட்டு, பையை எடுத்து வா" என்பது நான்கு கட்டளை. பிள்ளையின் மனத்தில் ஒன்றுதான் தங்கும். சொன்னதை அவன் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். காலை வேலைகளை வரிசையாக ஓர் அட்டையில் எழுதி, குளியலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படமாக வரையுங்கள். அதன்பின் நீங்கள் கத்தவேண்டாம். "அட்டையைப் பார்" என்றால் போதும்.

பள்ளிப் பை இரவிலேயே தயாராகி, வாசலருகே ஒரே இடத்தில் இருக்கவேண்டும். வீட்டுப்பாடத்தை ஒரு மூச்சில் முடிக்கச் சொல்லாதீர்கள். பதினைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓட்டம். மீண்டும் பதினைந்து நிமிடம். கடிகாரம் முள் உள்ளதாய், அவன் கண்ணெதிரே இருக்கட்டும். இப்பிள்ளைகளுக்கு நேரம் என்பது 'இப்போது', 'இப்போது இல்லை' என்ற இரண்டே பொழுதுதான். முள் நகர்வதைக் கண்ணால் கண்டால் நேரம் கரைவது புலப்படும்.

"முழு ஆண்டுத் தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள்" என்ற வாக்குறுதி இவர்களிடம் செல்லாது. பத்து மாதத்துக்கு அப்பால் உள்ள சைக்கிள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று செய்த நல்லதற்கு இன்றே, அந்த நிமிடமே பாராட்டு வேண்டும். "சொன்னதும் எழுந்து வந்தாயே, நன்று" என்ற ஒரு சொல் செலவில்லாதது. இப்பிள்ளை ஒருநாளில் கேட்கும் வசவுகளை எண்ணிப்பாருங்கள். எத்தனை பாராட்டுகள் என்றும் எண்ணுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்தபின் பல தாய்மார்கள் நம்மிடம் கண்கலங்கியிருக்கிறார்கள்.

உடலை ஓடவிடுங்கள். நம் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்கள் செல்வதில்லை. இப்படி ஒரு திறந்தவெளி எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்? பள்ளி செல்லுமுன் அரைமணி ஓடிவந்த பிள்ளை வகுப்பில் சற்றுநேரம் கூடுதலாக அமர்வான். தூக்கமும் இன்றியமையாதது; இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே உறங்கட்டும்.

பெரியவர்களுக்கு வருவோம். இவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வளர வளர உடலின் துள்ளல் அடங்குகிறது. உள்ளத்தின் சிதறல் பலரிடம் அடங்குவதில்லை. மின்கட்டணத்துக்குப் பணம் இருந்தும் கடைசி நாளைத் தவறவிட்டு அபராதம் கட்டுபவர், மூன்று வேலை மாறியவர், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கச் சென்று அங்கேயே மறந்து நிற்பவர். ஆண் மறந்தால் "பாவம், அவருக்கு ஆயிரம் வேலை" என்கிறோம். பெண் மறந்தால் "குடும்பம் நடத்தத் தெரியாதவள்" என்கிறோம். இந்த அநீதியையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

இவர்களுக்கு நாம் சொல்வது: நினைவை நம்பாதீர்கள், சுவரை நம்புங்கள். சாவிக்கும் பணப்பைக்கும் வாசலருகே ஓர் ஆணி, ஒரு தட்டு. நம் வீடுகளில் நாள்தோறும் கிழிக்கும் நாள்காட்டி தொங்குகிறதே, அதன் வரப்போகும் தாளில் "கட்டணம் கட்டு" என்று இன்றே எழுதிவிடுங்கள். அந்த நாள் வரும்போது தாள் தானே பேசும். கைப்பேசியில் ஒரு வேலைக்கு இரண்டு மணி வையுங்கள்: புறப்பட ஆயத்தமாக ஒன்று, புறப்பட ஒன்று. மாதக் கட்டணங்களைச் சம்பளம் வரும் நாளிலேயே வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செல்லும்படி செய்யுங்கள். பெரிய வேலையைக் கண்டு மலைத்தால், அதில் ஐந்து நிமிட வேலையொன்றை மட்டும் பிரித்தெடுத்துத் தொடங்குங்கள். தனியே செய்ய இயலாவிட்டால் ஒருவரை அருகே அமரச் சொல்லுங்கள். அவர் உதவவேண்டியதில்லை, உடனிருந்தாலே போதும். விலைகூடிய பொருளை வாங்குமுன்னும், சினத்தில் மறுமொழி எழுதுமுன்னும் ஓர் இரவு கடக்கட்டும்.

தம்பதியருக்கு ஒரு சொல். இத்தகைய இல்லங்களில் நாளடைவில் ஒருவர் 'தாய்' ஆகிறார், மற்றவர் 'பிள்ளை' ஆகிறார். இல்லறம் அங்கே தேய்கிறது. வாரம் ஒருமுறை, ஞாயிறு திருப்பலி முடிந்து காபி அருந்தும் வேளையில், அரைமணி நேரம் இருவரும் ஒரு தாளை நடுவே வைத்து வரும் வாரத்தைத் திட்டமிடுங்கள். கடந்த வாரத்துக் குற்றப்பட்டியல் அங்கே வேண்டாம். வேலைகளை 'ஆண் வேலை, பெண் வேலை' என்று பிரிக்காமல், எவருக்கு எது கைவருமோ அவ்வாறு பிரியுங்கள். கணக்கில் தவறுபவர் கணக்கை விட்டுவிட்டுக் காய்கறி வாங்கட்டும், கௌரவம் குறைந்துவிடாது.

மருந்து பற்றியும் மறைக்காமல் பேசுவோம். மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்செட்டின் போன்ற மருந்துகள் நம் நாட்டிலும் மருத்துவர் சீட்டின்பேரில் கிடைக்கின்றன. பலருக்கு நன்கு பயன்தருகின்றன. பசி குறைதல், தூக்கம் கெடுதல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. ஆதலால் மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம். பார்வை மங்கியவர் கண்ணாடி அணிவதை விசுவாசக் குறைவு என்போமா? ஆயினும் செபக்கூட்டங்கள் சிலவற்றில் "மாத்திரையை நிறுத்து, பேயை ஓட்டுவோம்" என்று சொல்லக் கேட்கிறோம். பிள்ளையின் துள்ளலில் பேயைக் காண்பவர்கள் இறைவனின் பெயரை வீணாகச் சொல்கிறார்கள். நினைவாற்றல் லேகியமும் பானமும் விற்பவர்கள் உங்கள் பணத்தை மட்டுமே நினைவில் வைத்திருப்பவர்கள். புதுவை மக்கள் வெகுதூரம் அலையவேண்டியதும் இல்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவத் துறை உண்டு. நேரில் செல்லத் தயங்குவோர், 2022இல் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

பள்ளிகளுக்கும் சொல்கிறோம், அவற்றுள் நம்முடையவையும் அடங்கும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. பிரம்பு பல இடங்களில் ஒளிந்துகொண்டது உண்மை, நாக்கு ஒளியவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு அதில் இடம்பெற்றது, ஏ.டி.எச்.டி. தனிப்பெயராக இடம்பெறவில்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டுமா? முன்வரிசையில் ஓரிடம், கரும்பலகை துடைக்கும் வேலை, வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், தேர்வுத்தாளை எடுக்குமுன் "ஒருமுறை திருப்பிப் பார்" என்ற நினைவூட்டல் – இவற்றுக்கு எந்த அரசாணை வேண்டும்?

நம் பங்கில் நாம் தொடங்கியதைச் சொல்லி முடிக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் முழங்காலில் நிறுத்தும் தண்டனையை நிறுத்திவிட்டோம். ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளைகளுக்கு எழுந்து நடமாடும் வேலைகளைக் கொடுக்கிறோம். பட்டறைக்காரரின் மகனுக்கு, வகுப்பு முடியும் நேரத்தைப் பார்த்துக் கைமணி அடிக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். முதல் ஞாயிறு பத்து நிமிடம் முன்பே அடித்துவிட்டான். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்த ஞாயிறு ஆசிரியை அவன் கையில் ஒரு பழைய கடிகாரத்தைக் கட்டிவிட்டார். இப்போது சரியாகவே அடிக்கிறான். சில நாள் மறக்கிறான். மறந்த நாளில் ஆசிரியை கடிகாரத்தைச் சுட்டிக் காட்டுகிறார். அவ்வளவுதான்.

அவன் தகப்பனுக்கு ஒன்பது வயதில் நாம் கொடுத்திருக்கவேண்டியது அந்தக் கடிகாரம்தான். நாம் கொடுத்ததோ பிரம்படி. அவர் நம்மை மன்னித்துவிட்டார். உங்கள் வீட்டுப் பிள்ளை நாற்பது வயதில் வந்து உங்களை மன்னிக்கவேண்டிய நிலையை நீங்கள் உண்டாக்காதீர்கள். இன்று மாலை, குரலை உயர்த்துமுன், சுவரில் ஓர் ஆணியை அடியுங்கள்.